அத்தையின் ஒரு மணி நேரம்

சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று போன வாரம் நம் பள்ளிக்கூடக் குழுவில் ஒருத்தி கேட்டாள். கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். ஒருத்தி இருபது என்றாள். ஒருத்தி இருபத்தேழு என்றாள். ஒருத்தி துபாயில் காத்திருந்த நேரத்தோடு அங்கே வாங்கிய பேரீச்சம்பழப் பெட்டியின் படத்தையும் சேர்த்துப் போட்டாள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "ரெண்டு தடவை போய்ட்டு வந்தவ நீதான், உனக்கென்னடி கர்வம்?" என்று கேட்டீர்கள். கர்வம்தான். தூரத்தைக் கேளுங்கள், சொல்கிறேன். நேரத்தைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று இன்றைக்கு எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாரும் கும்பிடும் கை பொம்மை அனுப்ப வேண்டாம்.

தூரம் எனக்குப் பதினோரு வயதிலேயே தெரியும். என்னிடம் ஒரு தகர உருண்டை இருந்தது. உலகப் படம் அச்சடித்த உண்டியல். தலையில் காசு போட ஒரு கீறல், அதில் வடதுருவமே காணாமல் போயிருந்தது. மெட்ராஸ் இருக்க வேண்டிய இடத்தில் மையால் ஒரு புள்ளி, நியூயார்க்கில் ஒரு புள்ளி. உருண்டையின் இடுப்பைச் சுற்றி ஒரு தையல் நூலை ஓட்டி வெட்டி, அதை மூன்றாக மடித்தால், ஒரு மடிப்பு இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குச் சரியாகப் போய்ச் சேரும். உலகத்தின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு. பதின்மூவாயிரத்து சொச்சம் கிலோமீட்டர். இன்றைக்குப் பேரன் பேத்திகள் போனைக் கேட்டுச் சொல்கிறார்களே, அதற்கும் என் நூலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த உருண்டையை வாங்கிக் கொடுத்தது அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார், அவள் என்னை வளர்த்தாள். எங்களுக்கு இரும்புலியூரில் நெல் விளைந்த நிலம் இருந்து, அது மனை மனையாகப் போய், எண்பதுகளின் நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் சிமென்ட், கம்பிக் கடையாக மிஞ்சியிருந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை வந்தபோது அப்பா இரண்டு நாள் கால் தரையில் பாவாமல் நடந்தார். மாப்பிள்ளையின் அப்பா வண்டலூர்க்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "டைம் டேபிள் மாதிரி குடும்பம்" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அது பாராட்டு.

கல்யாணம் முடிந்து ஆனி மாதத்தில் அத்தை நியூயார்க்குக்கு விமானம் ஏறினாள். பத்து நாள் கழித்து முதல் ஏரோகிராம் வந்தது. எனக்கென்று ஓரத்தில் நாலு வரி. "பாப்பா, இங்கே உங்களைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். நீ பள்ளிக்கூடம் புறப்படும் எட்டரை மணிக்கு எனக்கு முந்தின நாள் ராத்திரி பதினொன்று. வேடிக்கையாக இல்லை?"

வேடிக்கையாகத்தான் இருந்தது. வீட்டில் ஒரு பழைய அலாரம் டைம்பீஸ் கிடந்தது. மணி அடிக்கும் தொப்பி இரண்டில் ஒன்று இல்லை, அதனால் அலாரம் அடித்தால் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம் வரும். அதை ஒன்பதரை மணி நேரம் பின்னால் திருப்பி என் புத்தக அலமாரியில் வைத்தேன். அத்தை கடிகாரம். தினமும் சாயங்காலம் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு அதற்குச் சாவி கொடுப்பேன். சாவியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், விரலில் பித்தளை வாடை வரும். அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். "உங்க அத்தை இப்போ இன்னாடி பண்றா?" நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "காலைல ஒன்பது, காபி குடிச்சிருப்பா" என்பேன். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். ஒவ்வொன்றையும் அத்தையின் ஊரிலிருந்து வருவதாகவே நினைத்துக்கொள்வேன். பாதி விமானங்கள் தாம்பரம் விமானப்படையின் பயிற்சி விமானங்கள், சும்மா வட்டம் சுற்றுகிறவை. எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

ஆவணிக்கு மேல் கடிதங்கள் மாறின. ஓரத்து நாலு வரி நின்றுபோனது. உள்ளே இப்படி இருக்கும்: "ஏழு மணி, காபி. எட்டு மணி, அவர் புறப்பட்டார். ஒன்பதிலிருந்து பத்து, துணி. பத்திலிருந்து பதினொன்று, சமையல்." முழுக் கடிதமும் அப்படியே. அப்பா அதைக் கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தார். "பார்யா, அமெரிக்கா போனா இன்னா ஒழுங்கு வருது! இங்க இருந்தப்போ பால் பொங்கி வழியறதுகூடத் தெரியாம நின்னுகினு இருப்பா." அம்மாவும் சிரித்தாள். படித்த பெரியவர்கள் இருந்த வீடு. ஒருவருக்கும் தோன்றவில்லை, ஒரு பெண் எதற்காக இப்படி எழுதுகிறாள் என்று.

பொங்கல் கழிந்த வாரம் தந்தி வந்தது. ஞாயிறு காலை எட்டு மணி விமானம், வருகிறேன். அவ்வளவுதான். வாசலில் இன்னும் கரும்புச் சக்கை கிடந்தது, எறும்பு மொய்த்தது. அப்பா வாடகைக் காரில் என்னையும் அழைத்துப்போனார். அத்தை ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள். கூட யாரும் இல்லை. மெட்ராஸ் வெயிலில் முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தாள். "மாப்பிள்ளை எங்க?" என்று அப்பா கேட்டார். "வூட்டுக்குப் போலாம்ணா" என்றாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேரே பார்த்தது என் அலமாரியைத்தான். அப்போது இங்கே காலை ஒன்பதரை, அத்தை கடிகாரத்தில் பன்னிரண்டு. "இன்னும் சாவி குடுக்கறியா?" என்று கேட்டு அதைக் கையில் எடுத்தாள். பின்பக்கத் திருகில் கட்டைவிரலை வைத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். திருகாமல் திரும்ப வைத்துவிட்டாள். "இருக்கட்டும். அழகா ஓடுது" என்றாள். எனக்கு அது புகழ்ச்சியாகப் பட்டது.

அன்று மத்தியானம் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாள். நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன், என்னை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. மாமா வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவாராம். ஒரு நோட்டு கொடுத்திருந்தாராம். எந்த மணிக்கு என்ன செய்தாள் என்று எழுதிவைக்க வேண்டும். சாயங்காலம் வந்து படித்துப் பார்ப்பார். அரை மணி நேரம் குறைந்தால் கேள்வி. பதில் பிடிக்காவிட்டால் கன்னத்தில். ஊருக்குப் போகும் கடிதத்தையும் அவர் படித்துத்தான் ஒட்டுவார். பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண்மணிதான், அவர் பூட்ட மறந்த ஒரு நாள் பார்த்து, டிக்கெட் எடுத்துக் கொடுத்து விமான நிலையத்தில் விட்டிருக்கிறாள். "நான் திரும்பிப் போவல அண்ணி" என்றாள் அத்தை. அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அன்று சாம்பார் அடிப்பிடித்தது.

அப்பாவுக்கு அது செரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்தவர், அதுவும் அந்த நாலு பேரிடமும் சிமென்ட் விற்கிறவர். "ஆம்பளைன்னா கொஞ்சம் முன்கோபம் இருக்கும், சரிபண்ணிடலாம்" என்று தினமும் காலையில் ஒரு தடவை சொல்வார்.

அடுத்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டலூரிலிருந்து அத்தையின் மாமனார் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ரெக்சின் பை. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. வாழ்நாள் முழுக்க ரயில் நேரத்தோடு இருந்தவர். அவருக்கு உலகத்தில் இரண்டே விஷயங்கள்: புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம். ஒன்றை ஒன்றிலிருந்து கழித்தால் பயண நேரம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போனாலும் டில்லிக்குப் போனாலும் கணக்கு அதுதான், ஏனென்றால் இரண்டு முனையிலும் ஒரே கடிகாரம்.

பையிலிருந்து இரண்டு தாள் எடுத்தார். ஒன்று மகன் எழுதி அனுப்பிய பட்டியல். இன்னொன்று டைப் அடித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைப் படித்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அங்க புறப்பாடு. ஞாயித்துக்கிழமை காலைல எட்டுக்கு மெட்ராஸ். ஆக முப்பத்தேழு மணி நேரம். பையன் விசாரிச்சு எழுதியிருக்கான். லண்டன் வரைக்கும் ஏழு, லண்டன்ல காத்திருக்கறது மூணு, பம்பாய்க்கு ஒன்பது, பம்பாய்ல அஞ்சரை, அங்கிருந்து மெட்ராஸ் ரெண்டு. கூட்டினா இருபத்தாறரை. மிச்சம் பத்தரை மணி நேரம் இருக்கும்மா. எங்க இருந்தே?"

அப்பா தரையைப் பார்த்தார். இரண்டாவது தாளில் என்ன இருந்தது என்று மாமனாரே சொன்னார். கணவனிடம் சொல்லாமல் வீட்டைவிட்டு வந்ததற்கும், வழியில் கணக்கில் வராத நேரத்துக்கும் மன்னிப்புக் கேட்கிறேன், திரும்பி வந்து அவர் சொல்படி நடக்கிறேன் என்று எழுதியிருந்தது. அத்தை கையெழுத்துப் போட வேண்டும், அப்பா சாட்சி. போட்டால் அடுத்த வாரமே டிக்கெட். போடாவிட்டால் பத்தரை மணி நேரம் ஊர் முழுக்கப் போகும். அப்புறம் அத்தைக்கு எந்த வாசலும் திறக்காது.

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இது எனக்குத் தெரிந்த கணக்கு! எழுந்து ஓடிப்போய் டைம்பீஸையும் தகர உருண்டையையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"தாத்தா, அந்த ஏழு மணி அங்கத்திய ஏழு மணி. நம்ம ஊர்ல அப்போ சனிக்கிழமை விடியக்காலை நாலரை. இதோ பாருங்க, இது அத்தை ஊர்க் கடிகாரம். ஒன்பதரை மணி நேரம் பின்னாடி ஓடுது. நீங்க அவங்க கடிகாரத்துல ஆரம்பிச்சு நம்ம கடிகாரத்துல முடிச்சிட்டீங்க."

அப்பா "ஏய், உள்ள போடி" என்றார். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார். உருண்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தையும் டைம்பீஸையும் மாறி மாறிப் பார்த்தார். அவரை எனக்கு இன்றும் முழுதாக வெறுக்க முடியாததற்கு அடுத்த நிமிடம்தான் காரணம். "குழந்தை சொல்றது சரி" என்றார். "அங்க ராத்திரின்னு போன்ல பையன் சொல்லுவான். கணக்குல சேர்க்கத் தோணல. தப்பு என்னுது."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அத்தையைப் பார்த்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அவர் பென்சிலை எடுத்து மறுபடி போட்டார். முப்பத்தேழில் ஒன்பதரை போனால் இருபத்தேழரை. பட்டியலில் இருபத்தாறரை. பென்சிலின் பின்பக்கத்தால் தாளைத் தட்டினார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இடிக்குதே."

நான் விரல்விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இடித்தது. எப்படிப் பார்த்தாலும் ஒரு மணி நேரம் மிஞ்சியது. பத்தரை மணி நேரம் என்றால் அபாண்டம் என்று கத்தலாம். ஒரு மணி நேரம் நம்பும்படியாக இருந்தது. அதை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான்.

அப்பாவுக்கு உயிர் வந்தது. "ஒரு மணி நேரம்தானேம்மா. பிளேன் லேட்டு, எங்கயோ உக்காந்துகினு இருந்தேன்னு சொல்லிட்டுப் போயேன். சம்பந்தி பெரிய மனசு பண்ணுவாரு."

அத்தை எழுந்து நின்றாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை.

"அந்த ஒரு மணி நேரம் என்னோடது."

"அப்போ ஒத்துக்கறே" என்றார் மாமனார்.

"ஒத்துக்கல மாமா. சொல்ல மாட்டேன்னு சொல்றேன். ஏழு மாசம் உங்க பையனுக்கு மணிக்கு மணி எழுதிக் குடுத்தேன். இனிமே யாருக்கும் எழுத மாட்டேன். அண்ணா, நான் இங்க இருக்கறது பாரம்னா சொல்லு, இப்பவே போயிடறேன். அந்தத் தாள்ல மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன்."

யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து பதில் வந்தது. அதுவரை சுவரோரம் நின்றிருந்த அம்மா வந்து, மாமனார் குடிக்காமல் வைத்திருந்த காபி டம்ளரை எடுத்தாள்.

"ஆறிப்போச்சு. வேற போடட்டுமா, இல்ல, கிளம்பறீங்களா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

அவர் கிளம்பினார். போகும்போது உருண்டையை என் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

சொன்னபடியே அந்த ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றியது. வண்டலூரில் ஆரம்பித்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. லண்டனில் ஒருத்தன் என்றார்கள், பம்பாயில் ஒருத்தன் என்றார்கள். நம் வகுப்பிலேயே ஒருத்தி என்னிடம் கேட்டாள். பெயர் சொல்லவில்லை, அவள் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள், அவளுக்கும் அப்போது பதினோரு வயதுதான். அத்தை எதையும் மறுக்கவில்லை. இரண்டு வருடம் தட்டச்சு படித்து, காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மின்சார ரயிலில் போய் வந்தாள். ரயில் ஐந்தரைக்கெல்லாம் கொண்டுவந்து விட்டுவிடும், அத்தை வீட்டுக்கு வருவது ஆறரைக்கு. அப்பா ஒரே ஒரு தடவை, "எங்கம்மா இவ்ளோ நேரம்?" என்று கேட்டார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவே இல்லை. கடைசிக் காலத்தில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு டைம்பீஸுக்குச் சாவி கொடுக்கவில்லை. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தெருவில் பழைய பித்தளைக்குப் பிளாஸ்டிக் வாளி கொடுப்பவன் வந்தபோது நானே எடுத்துப்போய்ப் போட்டேன். தகர உருண்டை துருப்பிடித்து எங்கேயோ போனது. ஆனால் கணக்கு போகவில்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், பஸ்ஸில் நிற்கும்போது, வரிசையில் நிற்கும்போது, முப்பத்தேழில் ஒன்பதரை போனால் என்று மனசு ஆரம்பித்துவிடும். அத்தையைக் கேட்டுவிடலாம் என்று பலமுறை வாய் வரை வந்திருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சந்தேகம் இருந்தது. அவள் எங்கேயோ இருந்திருக்கிறாள், அது அவள் உரிமை என்று பெரிய மனுஷி மாதிரி சமாதானம் செய்துகொண்டேன். நான் அவளை நம்பவில்லை, மன்னித்தேன். அதைவிடக் கேவலம் இருக்கிறதா?

சில வருடங்களுக்கு முன்னால் மகளிடம் நியூஜெர்சிக்குப் போயிருந்தேன். ஜூன் மாதம் போனவள் குளிர்காலம் தொடங்கும் வரை இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் நாற்காலி மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினாள்.

"பேட்டரி போச்சாடி?" என்றேன்.

"இல்லம்மா. இன்னிலேருந்து ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கணும். இங்க வருஷா வருஷம் அப்படித்தான். இதுவரைக்கும் இந்தியாவுக்கு ஒன்பதரை மணி வித்தியாசம், இனிமே பத்தரை. நீ போன் பண்றப்போ பார்த்துப் பண்ணு."

நான் கையிலிருந்த காபியோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனியில் ஒன்பதரை. தையில் பத்தரை. முப்பத்தேழில் பத்தரை போனால் இருபத்தாறரை. ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை. அத்தை எங்கேயும் போகவில்லை. அப்படி ஒரு மணி நேரமே இல்லை. என் டைம்பீஸ்தான் ஐப்பசியிலிருந்து தப்பாக ஓடிக்கொண்டிருந்தது, அவள் திருகில் விரலை வைத்தும் என் முகத்தைப் பார்த்துத் திருப்பாமல் விட்ட அதே டைம்பீஸ்.

உடனே இரும்புலியூருக்குப் போன் போட்டேன். அங்கே மாலை ஏழு மணி. அத்தை ஓய்வு பெற்று, தனியாக ஒரு சின்ன ஃப்ளாட்டில் இருக்கிறாள். குக்கர் விசில் பின்னால் கேட்டது.

"அத்தை, அங்க குளிர்காலத்துல கடிகாரத்த மாத்துவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? அக்டோபர் கடைசில மாத்தினாரே உங்க மாமா. அன்னிக்கு நோட்டுல அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்னா எழுதறதுன்னு தெரியாம அடி வாங்கினேனே."

அழுகையும் கோபமுமாகக் கத்தினேன். "அப்போ ஏன் அன்னிக்கு சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் நம்பியிருப்பாரே. கணக்கு சரியா இருந்துச்சே!"

"நம்பியிருப்பாரு" என்றாள் அத்தை. குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. "கணக்கு சரியா இருக்கு, கிளம்பு போலாம்னு சொல்லியிருப்பாரு."